சுண்ணாம்பு குடித்த சுவர்

எங்கள் மாடவீதியில் கார்த்திகைக் கொடி ஏறுவதற்குள் வெள்ளையடிக்காத வீடு ஒன்று இருந்தால் அது சாவு விழுந்த வீடாகத்தான் இருக்கும். கூழைக் குடித்துக் காலம் தள்ளுகிறவனும் சுண்ணாம்பு வாங்கிவிடுவான். ஐப்பசி மழையில் பாசி பிடித்து நின்ற சுவரெல்லாம் ஒரே வாரத்தில் பளீரென்று ஆகிவிடும். தீபத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து மெச்சிவிட்டுப் போவார்கள். அந்த வெள்ளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்க்க அவர்களுக்கும் நேரமில்லை, எங்களுக்கும் மனசில்லை.

எனக்கு அந்தத் தெருவில் சாமி படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுக்கிற கடை. நேர் எதிரே சக்கரவர்த்தியின் மாடி வீடு. கண்ணாடி அறுத்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் அந்த வீட்டில்தான் கண் விழும். அதனால் எழுபத்தெட்டாம் வருஷம் அந்த வீட்டில் நடந்ததை ஊரில் யாரையும் விட நான்தான் அதிகம் பார்த்தேன். நான் பார்க்காததை என் மனைவி ஆராயி பார்த்தாள். அவளுக்கு அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போக்குவரத்து உண்டு.

சக்கரவர்த்திக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நிலம் நீச்சு உள்ள குடும்பம். டவுனில் மல்லாட்டை மண்டி வைக்க வந்தவர். நிலக்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். அவர் அந்த வீட்டை வாங்கியது மண்டிக்காக அல்ல, மாடிக்காக. கீழே ஒரு கட்டு, மேலே ஒரு கட்டு, அதற்கு மேல் மொட்டை மாடி. பக்கத்துச் சந்திலிருந்தே மேலே ஏறப் படி. அங்கே நின்றால் கோபுரமோ மரமோ குறுக்கே வராமல் மலை முழுசாகத் தெரியும். தீபத்தன்று அவருடைய மாடியில் நின்று பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வது எங்கள் தெருவில் ஒரு மரியாதை. அவரும் ஐப்பசி பிறந்ததுமே எதிரில் வருகிறவனையெல்லாம் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

வாங்கிய மறுவருஷமே மண்டிக்கு இடம் போதவில்லை என்று கீழ்க்கட்டின் நடுச்சுவரை எடுத்தார். எடுத்தவன் சடையன் மேஸ்திரி. சுவர் இருந்த இடத்தில் ஒரு பழைய ரயில் தண்டவாளத்தைக் குறுக்கே போட்டு மேல்கட்டைத் தாங்க வைத்தார்கள். "ரயிலையே தாங்கினது, இந்த ஊட்டைத் தாங்காதா?" என்று சக்கரவர்த்தி கேட்டபோது நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். தண்டவாளம் உறுதிதான். அது ஒரு பக்கம் தலை வைத்துப் படுத்திருந்த சந்துப் பக்கத்துச் சுவர் மண்ணைக் குழைத்துக் கட்டிய பழங்காலத்துச் சுவர் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவள் அவருடைய சம்சாரம் காசியம்மாள். அதிகம் பேசாத பொம்பிளை. வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முன்னால் சுவரில் இருக்கிற விரிசலையெல்லாம் அவளே கையால் அடைப்பாள். சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, விரலால் வழித்து வழித்து அப்புவாள். அந்த வருஷம் அப்பிக்கொண்டே இருந்தவள் ஆராயியிடம் சொன்னாளாம்.

"ஆராயி, போன வருசம் ஒரு கொட்டாங்கச்சி சுண்ணாம்புல இந்த விரிசல் அடங்கிச்சி. அதுக்கு முந்தி விரல் நுனியில தொட்டு வெச்சேன், போதும்னு இருந்துச்சி. இப்ப ஒரு சட்டி வழிச்சி ஊத்தறேன், குடிச்சிக்கினே இருக்குது."

"மழை ஜாஸ்தி இல்லக்கா. ஊறியிருக்கும்."

"ஊறினா ஈரந்தான வரும்? சோத்துல சுண்ணாம்பு உழுது. நேத்து மேக்கட்டு கதவு சாத்தவே இல்ல. ஒதைச்சி சாத்தினேன். கதவு கோணலா, செவுரு கோணலா?"

வருஷா வருஷம் அடைத்து வெள்ளையடித்துவிட்டதால் எல்லாருக்கும் அது வருஷா வருஷம் புதிதாக வந்த விரிசலாகத்தான் தெரிந்தது. அது பழைய விரிசல், வளர்ந்துகொண்டே வருகிறது என்பது அவள் விரலுக்கு மட்டும்தான் தெரிந்தது.

தெருக்கோடியில் அப்பாதுரை என்று ஒரு ஓவர்சீயர் குடியிருந்தார். பாலம் மதகு கட்டுகிற சர்க்கார் வேலை. முருகன் படத்துக்குக் கண்ணாடி போட என் கடைக்கு வந்தவரைக் காசியம்மாள் சந்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். மனுஷன் அவசரப்படவில்லை. மாடியிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். நூல் மேலேயும் கீழேயும் சுவரை விட்டு விலகி நின்றது, நடுவில் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"பாருங்க. செவுரு வயிறு தள்ளியிருக்குது" என்றார். உள்ளே போய்த் தண்டவாளத்தின் முனையைத் தடவிப் பார்த்தார். "அந்த முனை கருங்கல்லு மேல ஒக்காந்திருக்குது. பரவால்ல. இந்த முனைக்கு அடியில வெறும் மண்ணு. மேக்கட்டு பாரமெல்லாம் இந்த ஒரு எடத்துல எறங்குது. செவுரு உள்ளுக்குள்ள நசுங்கிக்கினே வருதும்மா."

"இன்னும் நல்லா அடைச்சிப் பூசினா நிக்காதா சார்?"

"பூச்சு வெறும் தோலு. எலும்பு முறிஞ்சவனுக்கு மேலுக்கு எண்ணெ தடவி இன்னா பிரயோசனம்? மொதல்ல தண்டவாளத்துக்குக் கீழ சவுக்குக் கட்டை குடுத்து முட்டு நிறுத்தணும். அப்பால பழைய செவுத்தைக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக் கட்டணும். அது வரைக்கும் மாடியில கூட்டம் ஏறக் கூடாது."

பிறகு என்னிடம் கண்ணாடி கேட்டார். ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிசாக ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தேன். அதை விரிசலின் மேல் குறுக்காக வைத்து, இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டினார்.

"செவுரு அசையலைன்னா கண்ணாடி இப்டியே இருக்கும். ஒரு நூல் அசைஞ்சாலும் ஒடஞ்சிடும். ஒடஞ்சிதுன்னா ஊட்ல யாரும் படுக்கக் கூடாதும்மா."

அந்த நேரம் பார்த்து சக்கரவர்த்தி வந்தார். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், எங்க ஊட்டு செவுத்துக்குக் கண்ணு தெரியலையா? கண்ணாடி மாட்டி உட்டிருக்கீங்க?" என்று சிரித்தார். ஓவர்சீயர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பொறுமையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல சக்கரவர்த்தியின் முகம் சுருங்கிப் போனது.

"செய்யறேன் சார், மாட்டேன்னு சொல்லல. தையில பொண்ணு கல்யாணம். சம்பந்தி ஊட்டார் என்னாண்ட வேற எதுவும் கேக்கல. தீபத்தன்னிக்கு எங்க சனமெல்லாம் உங்க மாடியில நின்னு பாக்கணும்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. மொத மொத வர்றவங்களுக்கு ஊனுகோல் குடுத்து நிறுத்தின ஊட்டையா காட்டறது? சக்கரவர்த்தி ஊடு கோலூனி நிக்குதுன்னு ஜில்லாவெல்லாம் பேசுவான். கல்யாணம் முடியட்டும், மொத்தமா இடிச்சே கட்டிடலாம்."

"நீங்க இடிக்கற வரைக்கும் அது காத்திருக்கணுமே" என்றார் ஓவர்சீயர். மறுநாள் கொடி ஏறியது. கொடி ஏறிவிட்டால் திருவிழா முடிகிற வரையில் எங்கள் ஊரில் யாரும் வீட்டில் கடப்பாறை போட மாட்டார்கள். அந்தச் சாக்கும் அவருக்குக் கிடைத்துவிட்டது. ஓவர்சீயரைத் திருவிழா டியூட்டிக்கு மலைப்பாதைப் பக்கம் போட்டுவிட்டார்கள். அவர் ஆளையே காணோம்.

சக்கரவர்த்தியைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். மகள் என்றால் அவருக்கு உயிர். பெண் பேர் சந்திரகலா, நல்ல கலகலப்பான பெண். அவளுக்காகத்தான் சம்பந்திகளுக்குக் கீழ்க்கட்டில் இலை போட வேண்டும் என்று ஆளை விட்டு மல்லாட்டை மூட்டைகளையெல்லாம் மேல்கட்டுக்கு ஏற்றினார். மூட்டை தூக்குகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுவதைக் கடையிலிருந்து பார்த்தேன். காசியம்மாள் வாசலில் நின்று, "வாணாங்க, மேல வாணாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர், "நீ பொரி உருண்டை புடிக்கற வேலையைப் பாரு" என்றார்.

அப்புறம் தேர் அன்று. பெரிய தேர் எங்கள் தெருவில் திரும்பும்போது சும்மா திரும்பாது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத்தான் திருப்புவார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் தேர் ஒருமுறை குலுங்கி நிற்கும், தரையும் அதிரும். என் கடையில் மாட்டியிருந்த படங்களெல்லாம் கடகடவென்று ஆடின. சக்கரவர்த்தி மாடியில் தெருப் பெண்கள் கொஞ்சம் பேர்தான் நின்றார்கள். எல்லாரும் தேரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காசியம்மாள் மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவு ஆரவாரத்திலும் தனக்கு அது கேட்டது என்று ஆராயியிடம் சொன்னாள். கண்ணாடி நடுவில் ஒடிந்து, ஒரு பாதி மேலேயும் ஒரு பாதி கீழேயுமாக விலகி நின்றது.

அன்று மத்தியானமே சடையன் மேஸ்திரியைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தாள். அவன் உடைந்த கண்ணாடியைப் பார்த்தான், தண்டவாளத்தைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"முட்டு குடுக்கணும் மேஸ்திரி. இன்னிக்கே குடுக்கணும்."

"சவுக்குக் கட்டைக்கு எங்கம்மா போவேன்? ஊருல இருக்கறது எல்லாம் பந்தலுக்கும் தடுப்புக்கும் போயிடுச்சி. ஒரு கட்டை கெடைக்காது."

"கெடைச்சா குடுப்பியா?"

"ஐயா சொல்லணுமே. நான் முட்டு குடுத்தா, நானே அந்தச் செவுத்தை எடுத்து தப்பு பண்ணிட்டேன்னு ஆவும். அப்புறம் இந்த ஊருல என்னை எவன் கூப்புடுவான்?"

"நீ பண்ணினது தப்புதானா?"

சடையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "மேல ஆளை ஏத்தாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனும் அதைத்தான் சொன்னான். எல்லாரும் அவளிடம்தான் சொன்னார்கள். ஏற்றுகிறவரிடம் நேரில் சொன்னவர் ஓவர்சீயர் ஒருவர்தான், அவரும் மலைப்பக்கம் போய்விட்டார்.

சக்கரவர்த்தியிடம் உடைந்த கண்ணாடியைக் காட்டினாள். தேர் அதிர்ச்சியில் என் கடைக் கண்ணாடியே ஒன்று விழுந்து உடைந்தது, அதற்காகக் கடை இடிந்துவிட்டதா என்று அவர் கேட்டார். அது உண்மைதான், லட்சுமி படம் ஒன்று விழுந்தது. என் கடையே அவருக்குச் சாட்சியாகிவிட்டதில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் காசியம்மாள் பெண்ணைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுப் பேசினாள். ஆராயி அங்கே தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"கலா, நான் ஒண்ணு செய்யப் போறேன். உன் கல்யாணம் நின்னு போனாலும் போவும்."

"இன்னா செய்யப் போற?"

"உனக்கு அம்மா வந்திருக்குதுன்னு சொல்லப் போறேன்."

அம்மை என்று நோயின் பேரைச் சொல்லக்கூட எங்கள் பக்கத்தில் பயம். பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று சர்க்கார் சுவரெல்லாம் எழுதியிருந்தாலும் அதில் கண் போனவர்களும் முகம் போனவர்களும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். சின்னம்மை வந்தாலும் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டால் அந்த வீட்டுக்கு விருந்தாளி வரமாட்டான், பிச்சைக்காரன்கூடத் தள்ளி நின்றுதான் குரல் கொடுப்பான். வராத தெய்வத்தை வந்ததாகச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

"பொய் சொன்னா நெஜமாவே வந்துடும்னு சொல்லுவாங்களேம்மா" என்றாள் பெண்.

"வந்தா எனக்கு வரட்டும்னு வேண்டிக்கினேன்."

"மூஞ்சில வடு உழுந்திருக்கும்னு அவுங்க வேணாம்னுட்டா?"

"அதான் உன்னைக் கேக்கறேன். உனக்கு வேணாம்னா சொல்லு, உட்டுடறேன்."

சந்திரகலா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு, "அவுங்க புள்ளைங்க குட்டிங்க எல்லாம் வரும்மா. மாடி எறங்கிச்சின்னா கல்யாணம் மட்டுமா நிக்கும்? எங்க படுக்கணும் சொல்லு" என்றாள். காசியம்மாள் அழுததை ஆராயி அன்றுதான் முதலில் பார்த்தாள்.

விடிந்தபோது எதிர்வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த ஓடு போட்ட பின்கட்டில் பெண்ணைப் படுக்க வைத்து, அடுப்பையும் அங்கேயே மாற்றிவிட்டாள். அம்மா வந்த வீட்டில் ஆம்பிளை படுக்கக் கூடாது என்று புருஷனையும் வெளியே அனுப்பினாள். அவர் என் கடையில் பாயைப் போட்டுக்கொண்டார். அந்தப் பெரிய வீட்டில் மல்லாட்டை மூட்டைதான் இருந்தது, ஒரு உயிர் இல்லை. தாளிப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, தலை சீவக் கூடாது. தெரு முழுக்க அடையும் பொரி உருண்டையும் மணக்க, அவர்கள் வீட்டில் வெறுங்கஞ்சி.

சக்கரவர்த்தி என் கடையில் உட்கார்ந்து வேப்பிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தினி வருசத்துல இல்லாம இப்பதான் வரணுமா?" என்று கேட்டார். சந்தேகம் இருந்ததோ என்னவோ, தெய்வத்தை இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. சம்பந்தி பரசுராமனுக்கு ஆள் விட்டுச் சொன்னார். அவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் காசியம்மாள் நம்பினாள்.

தீபத்தன்று காலையிலிருந்தே தூறல். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் வானம் வெளுத்தது, ஊர் திரண்டது. எல்லா மாடியிலும் தலை தெரிந்தது, அவர்கள் மாடி ஒன்றுதான் வெறிச்சென்று கிடந்தது. பொழுது சாயும் நேரத்தில் சந்து முனையில் பரசுராமன் வந்து நின்றார். பின்னால் அவர் சம்சாரம் எல்லம்மாள், மருமகள்கள், பேரப் பிள்ளைகள், பங்காளிகள் என்று கூண்டு வண்டிகளில் வந்த மொத்த சனமும் நின்றது.

"சம்பந்தி, நாங்க ஊட்டுக்குள்ள வரல" என்றார் பரசுராமன். "அம்மா இருக்கற எடம், வரக் கூடாது, தெரியும். ஆனா உங்க மாடிக்குத்தான் சந்துலயே படி இருக்குதே. வெளிப்படியாலே மேல போயி, தீபத்தைப் பாத்துட்டு, அப்டியே எறங்கிடறோம். சனம் ஆசைப்பட்டு வந்துட்டுது."

சக்கரவர்த்தியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "அதுக்கென்னங்க, தாராளமா போங்க" என்று சொல்லிக்கொண்டே சந்துக்கு ஓடினார். நானும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

படியின் அடியில் காசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சுவரில் கண்ணாடித் துண்டுகள் இன்னும் விலகிப்போய் நின்றன, நடுவில் விரலே நுழையும்.

"எழுந்திரு, வழி உடு" என்றார் சக்கரவர்த்தி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. எல்லம்மாளைப் பார்த்துத்தான் பேசினாள். "சம்பந்தி, மேல போவாதீங்க. இந்த ஊடு எறங்கப் போவுது. இந்தச் செவுரு உள்ளுக்குள்ள செத்துப் போயி கெடக்குது. ஓவர்சீயர் சொன்னாரு, மேஸ்திரி சொன்னான். இந்தா பாருங்க, கைய வெச்சிப் பாருங்க."

"அம்மா வந்திருக்குதுன்னுதான சொல்லியனுப்புனீங்க?" என்றாள் எல்லம்மாள்.

"அம்மா வரல. நான்தான் பொய் சொன்னேன். உங்கள வர உடாம பண்ண எனக்கு வேற வழி தெரியல. எம் பொண்ணுக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல."

சக்கரவர்த்தி நிலைகுலைந்து போய்ச் சுவரில் கை வைத்தார், வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டார். பரசுராமனின் கண் சிவந்துவிட்டது.

"மாடிக்கு உட மனசில்லன்னா உட மனசில்லன்னு சொல்லியிருக்கலாம்" என்றார். "தெய்வத்து பேரை இழுப்பாங்களா? வாங்க, தெருவுல நின்னே பாத்துக்கலாம். வெளியூர்க்காரன் எல்லாம் தெருவுலதான நிக்கறான்."

அவர்கள் வீதிக்குத் திரும்பினார்கள். சந்தில் நின்றால் மலை தெரியாது, அதனால் அங்கே வேறு யாரும் நிற்கவில்லை. மலையில் தீபம் ஏறுகிற வரைக்கும் ஊரில் யாரும் விளக்கு ஏற்றுவதில்லை. அந்த இருட்டில் அத்தனை சனமும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. உச்சியில் நெருப்பு தெரிந்ததும் அரோகரா என்று எழுந்த குரலில் என் நெஞ்சே அதிர்ந்தது. நான் மலையைப் பார்க்கவில்லை. அந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு அப்படியே நின்றது.

எல்லா வாசலிலும் அகல் எரிய ஆரம்பித்தது. பரசுராமன் திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "எறங்கலியே" என்றார். சிலர் சிரித்தார்கள். சக்கரவர்த்தியால் அதைத் தாங்க முடியவில்லை. என் கடை வாசலில் எரிந்த அகலைக் கையில் எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனார், நானும் பின்னால் ஓடிச் சந்து முனையில் நின்றேன்.

"எம் மாடியில நான் விளக்கு வெக்கறேன். எவன் தடுப்பான் பாக்கலாம்."

காசியம்மாள் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. "போங்க. ஆனா நானும் கூட வருவேன். ரெண்டு பேரும் போயிடலாம். கலாவை ஆராயி பாத்துக்குவா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் முதல் படியில் காலை வைத்தார். மேலிருந்து பொலபொலவென்று சுண்ணாம்பு கொட்டி, அகலில் விழுந்து, விளக்கு அணைந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். சுவருக்குள் யாரோ மூட்டையைத் தரையில் இழுப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. காசியம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தெருவில் வந்து விழுந்தார்கள். என் மேலேதான் விழுந்தார்கள்.

முதலில் சந்துச் சுவர் வெளிப்பக்கம் சரிந்தது. பிறகு மேல்கட்டு, மல்லாட்டை மூட்டைகள், மொட்டை மாடி, படிக்கட்டு எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தன. அரோகரா இன்னும் அடங்கவில்லை. தெருக்கோடியில் இருந்தவர்களுக்குச் சத்தமே கேட்கவில்லை, கிளம்பிய தூசியைக் கற்பூரப் புகை என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். தூசி அடங்கியபோது தண்டவாளம் மட்டும் வளையாமல் நெளியாமல் குப்பைமேட்டில் குத்திட்டு நின்றது. வேப்பிலை கட்டிய முன்நிலையும் நின்றது.

"கலா" என்று காசியம்மாள் கத்தினாள். கொல்லைப் பக்கத்துச் சந்தைச் சுற்றி சந்திரகலா ஆராயியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்கட்டில் ஒரு ஓடுகூட நகரவில்லை.

கூட்டம் கூடியது. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்ததும் ஒருவன், "மாரியாத்தாதான் வந்து உக்காந்து காப்பாத்திட்டா" என்றான். உடனே எல்லாரும் அதையே சொன்னார்கள். பரசுராமன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு படி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லம்மாள் பேரப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காசியம்மாளிடம் வந்தாள்.

"உன்னாலதான் எங்க புள்ளைங்க உசுரோட நிக்குதுங்க. அதுக்கு உன் கால்ல உழச் சொன்னாலும் உழறேன்" என்றாள். "ஆனா அம்மா பேர்ல பொய் சொல்லி வேப்பிலை கட்டின ஊட்ல பொண்ணு எடுக்க எனக்கு பயமா இருக்குது. நாளைக்கு எங்க ஊட்ல ஒரு புள்ளைக்கு ஒடம்பு காய்ஞ்சாலும் இதுதான் நெனப்புல நிக்கும். தப்பா நெனைக்காத."

எனக்கு வந்த கோபத்துக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன். காசியம்மாள் சொல்லவிடவில்லை.

"நாயந்தான்" என்றாள். "புள்ளைங்க கையை உடாம கூட்டிக்கினு போங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்குது."

அவர்கள் போனார்கள். அவள் நிலையிலிருந்த வேப்பிலைக் கொத்தை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிணற்றடி ஓரம் வைத்தாள். சக்கரவர்த்தி என் கடைக்குள் வந்து, சட்டம் போடாமல் கிடந்த படங்களுக்கு நடுவே உட்கார்ந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு.

பின்கட்டிலிருந்து சந்திரகலாவின் குரல் கேட்டது. "எம்மா, பசிக்குது. மூணு நாளா வெறுங்கஞ்சி. எதுனா தாளிச்சிப் போடேன்."

காசியம்மாள் அடுப்பை ஊதினாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தது. தூசி நாற்றத்தையும் மீறித் தாளிப்பு வாசனை தெருவுக்கு வந்தது. மாரியாத்தாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், அம்மா வந்த வீட்டில் தாளிப்பா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சக்கரவர்த்தி எழுந்தார். தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டாமல், இடிந்து கிடந்த கல்லையும் மல்லாட்டையையும் மிதித்துத் தாண்டி, பின்கட்டுக்குச் சாப்பிடப் போனார்.